தொண்ணூறு நிமிடக் கதவு

அத்தியாயம் பதினொன்று

அறையைக் காட்டச் சொன்னார் முகம் தெரியாத அந்தக் கண்காணிப்பாளர்.

இர்ஷானா மடிக்கணினியை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு மெல்லச் சுற்றினாள். நான்கு சுவர்கள். சாத்திய யன்னல். இழுத்துவிட்ட திரைச்சீலைக்கு அப்பால் வாவி கிடந்தது. பரீட்சைக்கு வாவி தேவையில்லை. கட்டிலுக்கு அடியில் காட்டு என்றது திரையில் ஓடிய எழுத்து. காட்டினாள். அலுமாரியைத் திற. திறந்தாள். குளியலறை? அதையும் காட்டினாள்.

பெண் கண்காணிப்பாளர்தான் வேண்டும் என்று முன்கூட்டியே கேட்டிருந்தாள். அதனால் முக்காட்டின் ஓரத்தைத் தூக்கி, இரண்டு காதுகளிலும் ஒன்றும் இல்லை என்று காட்டுவதற்கு அவ்வளவாகக் கூச்சமில்லை.

நிபந்தனைகள் ஒவ்வொன்றாக வந்தன. அறைக்குள் வேறு எவரும் வரக்கூடாது. வேறு குரல் கேட்கக்கூடாது. நீங்களும் பேசக்கூடாது, உதடு அசையவும் கூடாது. கதிரையை விட்டு எழுந்தால் பரீட்சை அத்தோடு முடிந்தது.

விளங்கியது என்று தட்டினாள்.

சரியாக இரண்டு மணி. எண்பது கேள்விகள், தொண்ணூறு நிமிடம்.

இந்தத் தொண்ணூறு நிமிடத்துக்காக அவள் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். டிப்ளோமா முடித்து இரண்டு வருடம் வீட்டில் இருந்தவளைக் கொழும்பு நிறுவனம் ஒன்று ஹெல்ப் டெஸ்க் வேலைக்குத் தெரிவு செய்தது. வீட்டிலிருந்தே செய்யலாம். ஒரே நிபந்தனை: மாதம் முடிவதற்குள் கணினிப் பழுதுபார்ப்புக்கான ஆரம்பநிலைச் சான்றிதழ் கையில் இருக்க வேண்டும். அதற்கு இரண்டு தாள்கள். முதல் தாளை வாப்பாவோடு இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போய் எழுதிச் சித்தியடைந்துவிட்டாள். “ஒருக்காப் போனது போதும். மத்தத வீட்டில இருந்தே எழுது” என்று சொல்லிவிட்டார் வாப்பா. இரண்டாம் தாளுக்கு நிறுவனம் தந்தது ஒரே ஒரு வாய்ப்பு. இன்று மாதத்தின் இருபத்தொன்பதாம் திகதி.

நேர்முகத் தேர்வில் அந்த அதிகாரி கேட்டது இன்னும் காதில் இருக்கிறது. “கலியாணம் ஏதும் பேசுறாங்களா? பழக்கி எடுத்த பிறகு மூணு பேர் விட்டுட்டுப் போயிட்டாங்க.”

“இல்லை மேடம்.”

அன்றைக்கு அது உண்மைதான். பத்து நாள் கழித்து, கட்டாரில் இருக்கும் அவளுடைய அண்ணன் றிப்ஷான் நானா, தன்னோடு வேலை செய்யும் ஹில்மியை அவளுக்கு மாப்பிள்ளையாகப் பேசினான். அவள் வாய் திறக்காமலே அந்த உண்மை பொய்யாகிவிட்டது.

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வந்து சேருவார். ஆகவே மாப்பிள்ளை வீட்டார் பெண்ணைப் பார்ப்பதற்கு முன்னால் வீட்டைப் பார்ப்பார்கள். அதற்கு வெள்ளிக்கிழமை என்றுதான் நாள் குறித்திருந்தார்கள். இன்று காலையில்தான் அது மாறிய செய்தி அவளுக்குத் தெரிந்தது.

“வாப்பா, வெள்ளிக்கிழம எண்டுதானே சொன்னீங்க?”

“ஹில்மிட தாய் ஆமினா உம்மாக்கு வெள்ளிக்கிழம கிளினிக்காம். இண்டைக்கு நாலு மணிக்கு வாறம் எண்டாங்க. உன்ட சோதினை மூணரைக்கு முடியிதுதானே?”

வாப்பா அப்துல் கபூர் பத்திரிகையை மூன்றாக மடித்து, பிறகு இரண்டாக மடித்தார். முப்பது வருடம் துணிக்கடையில் சாரம் விற்ற கை. பத்திரிகை, கைக்குட்டை, கல்யாணக் கார்ட், எதைக் கையில் எடுத்தாலும் அதே கடை மடிப்புத்தான்.

“அதுக்கு முந்தி வந்தா?”

“நாலு எண்டா நாலுதான். நான் பார்த்துக்கொள்றன்.”

மாடியில் அவளுடைய புது அறைக் கதவுக்குப் பொலிஷ் அடித்த தச்சன் தாழ்ப்பாளைக் கழற்றி வைத்துவிட்டுப் போனவன், திரும்பி வரவில்லை. இர்ஷானா ஒரு வெள்ளைத்தாளில் பெரிதாக எழுதினாள்: ‘பரீட்சை நடக்கிறது. மூன்றரை மணி வரை யாரும் திறக்க வேண்டாம்.’ நான்கு மூலையிலும் டேப் ஒட்டிக் கதவின் வெளிப்பக்கத்தில் பொருத்தினாள். உம்மாவின் கையைப் பிடித்துக் கூட்டிவந்து காட்டினாள்.

“ஓம் மகள், விளங்குது” என்றாள் றஸீனா. “பொலிஷ் உரியாம ஒட்டினியா?”

*

நாற்பத்திரண்டாவது கேள்வியில் இருந்தபோது வாசலில் வான் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

பக்கத்து வீட்டுக்காக இருக்கும் என்று நினைத்தாள். திரையின் மூலையில் மணி இரண்டு நாற்பத்தொன்று.

கேள்வி: அலுவலக ஊழியர் ஒருவரின் அச்சுப்பொறி வேலை செய்யவில்லை. நீங்கள் முதலில் செய்ய வேண்டியது என்ன?

அவளுக்குத் தூக்கத்திலும் தெரிந்த விடயம் அது. பழுது பார்ப்பதற்கு ஆறு படிகள். சிக்கல் என்ன என்று கண்டுபிடி. காரணம் என்னவாக இருக்கலாம் என்று ஊகி. ஊகத்தைச் சோதித்துப் பார். திட்டம் போட்டுத் திருத்து. எல்லாம் இயங்குகிறதா என்று பார். கடைசியாக, நடந்ததை எழுதி வை. வெங்காயம் உரிக்கும்போதும், உடுப்புக் காயப்போடும்போதும் இந்த ஆறையும் முணுமுணுத்தே பாடமாக்கியிருந்தாள்.

“அஸ்ஸலாமு அலைக்கும்! முந்தி வந்துட்டம் எண்டு கோவிக்கப்படா தம்பி.” வயதான பெண் குரல், சிரித்துக்கொண்டே. “சொன்ன நேரத்துக்கு வந்தா ஒழுங்குபடுத்தின வீட்டத்தானே காட்டுவீங்க!”

எல்லோரும் சிரித்தார்கள். வாப்பாவின் சிரிப்புத்தான் பலமாகக் கேட்டது.

நாற்பத்துமூன்று. நாற்பத்துநான்கு. இர்ஷானா கண்ணைத் திரையிலேயே வைத்திருந்தாள். சத்தம் கீழேதானே இருக்கிறது. வாப்பா பார்த்துக்கொள்வார்.

கீழே ஒவ்வொரு கதவாகத் திறந்து மூடியது. மண்டபம். சாமான் அறை. குசினி. “குசினி கொஞ்சம் சின்னன் போல” என்றது ஓர் இளம் குரல். “இவ எங்கட மூத்த மகள் றிஸ்னா. வாய் கொஞ்சம் நீளம்” என்றாள் வயதானவள்.

பிறகு, “மேல போகலாம்தானே?”

வாப்பா தொண்டையைச் செருமினார். அந்தச் செருமலை இர்ஷானா மேலேயிருந்து கேட்டாள்.

“ஓம், ஓம். போங்க. றஸீனா, கூட்டிப் போய்க் காட்டு.”

படியில் செருப்பில்லாத கால்கள். எழுந்து ஓடிக் கதவை முதுகால் அழுத்தலாம், எழுந்தால் முடிந்தது. வர வேண்டாம் என்று கத்தலாம், கத்தினால் முடிந்தது. கதவுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்க முடியாது. ஆழத் தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து இருப்பவள் போல் இருந்தாள். கதவில் தாள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டாள். உம்மா பார்ப்பாள். நின்றுவிடுவாள்.

நாற்பத்தெட்டாவது கேள்வியை வாசித்துக்கொண்டிருந்தபோது கதவு திறந்தது. தாழ்ப்பாள் இல்லாத கதவு, சத்தமே இல்லை. முதுகில் காற்றுப் பட்டது, அவ்வளவுதான்.

“இதுதான் மகள்ட அறை லாத்தா.”

“மாஷா அல்லாஹ்! புள்ள படிக்கிறாவா? படிங்க மகள், படிங்க. நாங்க சும்மா பார்த்துட்டுப் போறம்.”

அவள் அசையவில்லை. திரையில் எழுத்து வந்தது: உங்கள் அறையில் வேறு நபர்கள் இருக்கிறார்கள்.

யாரோ அலுமாரியைத் திறந்து மூடினார்கள். யாரோ குளியலறைக்குள் போனார்கள். தண்ணீர்க் குழாய் திறக்கும் சத்தம்.

“தண்ணி நல்ல வேகம்” என்றாள் ஆமினா உம்மா உள்ளேயிருந்து.

பரீட்சை நிறுத்தப்பட்டது. கேள்விகள் மறைந்து, திரை சாம்பல் நிறமானது. இன்னும் முப்பத்தெட்டு நிமிடம் மிச்சமிருந்தது.

“எழும்பி ஸலாம் சொல்லு மகள்” என்றாள் உம்மா, பல்லைக் கடித்துக்கொண்டு.

இனி எழும்பலாம். இனிப் பேசலாம். இர்ஷானா எழும்பினாள், முக்காட்டைச் சரிசெய்தாள்.

“வஅலைக்கும் ஸலாம்” என்றாள்.

அது பதில் ஸலாம், தனக்கு யாரும் இன்னும் ஸலாம் சொல்லவில்லை என்பது அதன் பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆமினா உம்மா சிரித்து, அவள் கன்னத்தைத் தொட்டு முத்தமிட்டாள். றிஸ்னா மட்டும் சிரிக்கவில்லை. அவள் பார்வை திரையில் இருந்தது.

*

கீழே இனிப்பு வட்டிலப்பமும் தேத்தண்ணியும் வந்தன. இர்ஷானாதான் தட்டை ஏந்தி வந்தாள்.

“மகளுக்கு இப்ப கொழும்புக் கொம்பனியில வேலை” என்றார் அப்துல் கபூர். “வீட்ட விட்டு வெளிக்கிடத் தேவல்ல. மேல இருந்தே செய்யிற.”

“ஹில்மி சொன்னான். அந்தச் சேட்டிபிகட் உலகம் பூரா செல்லுமாமே? கட்டாருக்குப் போனாலும் வேல எடுக்கலாமாம்.”

“ஓம், ஓம். எங்கயும் செல்லும்.”

“எத்தின வருஷத்துக்கு?” றிஸ்னா கேட்டாள். கேள்வி இர்ஷானாவுக்கு.

“மூணு வருஷம்.”

“மறுகா?”

“மறுகாப் படிச்சுப் புதுப்பிக்கணும்.”

றிஸ்னா தேத்தண்ணியை ஒரு மிடறு குடித்தாள். “நல்ல சட்டம். கலியாணத்துக்கும் மூணு வருஷத்துக்கு ஒருக்கா சோதினை வெச்சா, எங்கட ஆம்புளையள்ல எத்தின பேர் பாஸ் பண்ணுவாங்க?”

“வாயப் பொத்துகா!” என்றாள் ஆமினா உம்மா, சொன்னவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. றஸீனாவும் வாயைப் பொத்திச் சிரித்தாள்.

“அப்ப இவ பாஸ் பண்ணிட்டாதானே?” என்று கேட்டாள் றிஸ்னா. இந்த முறை இர்ஷானாவைப் பார்க்காமல் அப்துல் கபூரைப் பார்த்தாள்.

“அல்ஹம்துலில்லாஹ், எல்லாம் பாஸ். இண்டைக்கு மேல செஞ்சிட்டிருந்தது கொம்பனி வேலதான்.”

இர்ஷானா தட்டைப் பார்த்தாள். வட்டிலப்பத்தின் நடுவில் ஒரு முந்திரிப் பருப்பு. தான் இருக்கும் இடத்திலேயே தன்னைப் பற்றி இவ்வளவு சுத்தமாக ஒரு பொய் சொல்ல முடிகிறது. அது உண்மையா என்று அவளை யாரும் கேட்கவில்லை. அவள் தட்டை அடுத்தவர் பக்கம் நீட்டினாள்.

போகும்போது ஆமினா உம்மா வீட்டை அண்ணாந்து ஒருமுறை பார்த்து, “எங்களுக்கு விருப்பம்” என்றாள். றிஸ்னா வாசற்படியில் பிந்தி நின்று, தன் கைப்பேசி இலக்கத்தைச் சொல்லி இர்ஷானாவிடம் பதியச் சொன்னாள்.

“தேவைப்பட்டா எடுங்க புள்ள. நான் வங்கியில கணினிப் பகுதியில இருக்கன்” என்றாள் தாழ்ந்த குரலில். “அந்தச் சாம்பல் திரை எனக்கும் தெரியும்.”

*

பொழுது சாய்ந்து, வான் தெருமுனையில் திரும்பும் வரை பொறுத்திருந்தாள். பிறகு சொன்னாள்.

“முடிஞ்சி வாப்பா.”

“என்ன முடிஞ்ச?”

“சோதினை. நிப்பாட்டிட்டாங்க. ஆக்கள் உள்ளுக்கு வந்ததால.”

“அதுக்கென்ன? இன்னொருக்கா எழுது.”

“இன்னொருக்கா இல்ல. நாளையோட தவணை முடியிது. வேலையும் இல்ல.”

அப்துல் கபூர் கதிரையில் சாய்ந்தார். “ஒரு வீட்டுக்குள்ள மனிசர் வந்தா சோதினைய நிப்பாட்டுற சட்டம் எங்க இரிக்கி? வீடெண்டா ஆக்கள் வருவாங்கதானே. நாலு பேர் நடமாடுறதுதானே வீடு?”

“கதவில எழுதி ஒட்டியிருந்தன்.”

“அறையப் பூட்டி வெச்சா என்ன நினைப்பாங்க? சீலிங் ஒழுகுது, சுவர் வெடிச்சிரிக்கி எண்டு நினைப்பாங்க. ஊர் முழுக்கச் சொல்லுவாங்க. கட்டுற நேரத்தில ஒவ்வொரு கல்லையும் நான் நிண்டு பார்த்த வீடு இது. ஆருக்காகக் கட்டினன்? உனக்குத்தானே!”

“என்ட வீட்டில தொண்ணூறு நிமிஷம் ஒரு கதவ மூடி வெக்க ஏலாமப் போச்சே வாப்பா.”

மஃரிப் தொழுகைக்குப் பாங்கு கேட்டது. எழுந்து போய்ச் சட்டையை மாற்றி, தொப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். வாசலில் நின்று, திரும்பிப் பார்க்காமல் சொன்னார்: “அவங்களுக்கு ஒண்டும் சொல்லப்படா. நிச்சயம் முடியட்டும். மறுகா ஏதாவது யோசிப்பம்.”

உம்மா குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். இர்ஷானா வாசலில் போய் நின்றாள்.

“ஏன் உம்மா திறந்தீங்க? காலையில காட்டினன்தானே?”

றஸீனா தண்ணீரை நிறுத்தினாள். “கதவில கடதாசி இருக்கல்ல மகள். அதால சோதினை முடிஞ்சிட்டு எண்டு நினைச்சன். முடிஞ்சாப் பிறகு நீதான் கழட்டியிருப்பா எண்டு. இருந்திருந்தா, சத்தியமா அந்தக் கதவில கை வெச்சிரிக்க மாட்டன்.”

“நான் எப்படிக் கழட்டுற? எழும்பினாலே முடிஞ்சிதானே.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

*

அறைக்கு வந்து மடிக்கணினியைத் திறந்தாள். இரண்டு கடிதங்கள் வந்திருந்தன.

ஒன்று பரீட்சை நடத்துபவர்களிடமிருந்து. மேல்முறையீடு செய்யலாம், நாளை நண்பகலுக்குள். நடந்ததை உள்ளபடி எழுத வேண்டும். அறைக்குள் வந்தவர்கள் ஒவ்வொருவரும், தாம் யார், எதற்காக வந்தார்கள், பரீட்சை நடப்பது தெரியுமா என்று தனித்தனியாக எழுதிக் கையொப்பம் வைக்க வேண்டும். ஒளிப்பதிவு தம்மிடம் இருக்கிறது.

மற்றது நிறுவனத்திடமிருந்து. பரீட்சை நிறுத்தப்பட்ட அறிவித்தல் கிடைத்தது, மேல்முறையீட்டின் பிரதியை அனுப்பினால் இன்னும் ஒரு வாரம் பொறுத்திருப்போம்.

ஆக, அவளுடைய வேலையைக் காப்பாற்றக்கூடிய கையொப்பம் இப்போது ஆமினா உம்மாவிடமும் றிஸ்னாவிடமும் இருந்தது. அதைக் கேட்பதென்றால் அவர்களிடம் சொல்ல வேண்டும்: எனக்கு வேலை இல்லை, நான் இன்னும் பாஸ் பண்ணவில்லை, வாப்பா உங்களுக்குச் சொன்னது பொய். கொழும்புக்கும் சொல்ல வேண்டும்: வந்தவர்கள் என்னைக் கலியாணம் பேச வந்தவர்கள். ஒரு கையொப்பத்துக்காக இரண்டு பக்கமும் உடைய வேண்டும்.

உம்மா மேலே வந்தாள். மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்தாள்.

“கழுவப் போட்ட சேட்டுப் பொக்கட்டுக்குள்ள இருந்திச்சி.”

நான்கு மூலை டேப்பும் ஒட்டிக்கொள்ளாதபடி உள்பக்கமாகத் திருப்பப்பட்டிருந்தன. தாள் மூன்றாக மடிக்கப்பட்டு, பிறகு இரண்டாக மடிக்கப்பட்டிருந்தது. ஓரத்தோடு ஓரம் பிசகாமல். ‘பரீட்சை நடக்கிறது’ என்ற எழுத்து மடிப்பின் உள்ளே போயிருந்தது.

அதே கடை மடிப்பு. மகள் பாஸாகி, வேலையும் கிடைத்துவிட்டது என்று அவர்களிடம் முன்பே சொல்லி வைத்த மனிதர், அவர்கள் படியேறினால் இந்த எழுத்தை வாசிப்பார்கள் என்று பயந்திருக்கிறார். வான் சத்தம் கேட்டதும் மேலே வந்து, மகளுக்குக் கேட்காமல், பொலிஷ் உரியாமல், மெல்லக் கழற்றியிருக்கிறார். பிறகு கீழே இறங்கிப் போய்ச் சிரித்திருக்கிறார். அவர்கள் மேலே போகக் கேட்டபோது வேண்டாம் என்று சொல்ல அவரிடம் ஒரு காரணம் இருந்தது. அதைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டிருந்தார்.

“வாப்பா உன்னில உசிர வெச்சிரிக்கார் மகள்” என்றாள் றஸீனா. சொல்லிவிட்டு, அதைச் சொன்னதற்காகவே வெட்கப்பட்டவள் போல் இறங்கிப் போனாள்.

ஆறாவது படி: நடந்ததை எழுதி வை. அந்தப் படியை அவள் ஒருபோதும் பெரிதாக எடுத்ததில்லை. பரீட்சையில் ஒரு புள்ளிக்காகப் பாடமாக்கினாள். மற்ற ஐந்தும் கைக்கு வேலை, இது வெறும் எழுத்து என்றுதான் நினைத்திருந்தாள்.

மேல்முறையீட்டுப் படிவத்தின் முதல் கட்டம்: அறைக்குள் வேறு நபர்கள் வருவதற்குக் காரணம் என்ன? கட்டத்துக்குள் சிறு கோடு மின்னி மின்னி நின்றது.

கீழே வாசல் கேற் திறக்கும் சத்தம். பள்ளிவாசலிலிருந்து வாப்பா வந்துவிட்டார். கைப்பேசியில் றிப்ஷானோடு பேசிக்கொண்டே வந்தார். குரல் மலர்ந்திருந்தது. “அவங்களுக்கு நல்ல விருப்பம் மகன். அடுத்த வெள்ளிக்கே நிச்சயத்த வெப்பமா எண்டு யோசிக்கன்.”

இர்ஷானா தன் கைப்பேசியை எடுத்தாள். கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் இருந்த இடத்தில் இரண்டு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன. கதவோடு முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, கால்களை நீட்டிக் கட்டிலின் காலில் ஊன்றிக்கொண்டாள்.

றிஸ்னாவின் இலக்கத்தை அழுத்தினாள்; மணி நான்கு தடவை அடித்தது.

“ஹலோ, ஆரு?”

“நான்தான். இர்ஷானா.”

“சொல்லுங்க புள்ள.”

“றிஸ்னா லாத்தா, எனக்கு வேலை இல்ல. நான் இன்னும் பாஸ் பண்ணவும் இல்ல.”

படியில் கால்கள் ஏறிவந்தன. இந்தக் கால்களை அவளுக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

“மகள், ஆரோட கதைக்கிறா?”

அவளுடைய தோளுக்கு மேலே கைப்பிடி மெல்லத் திரும்பியது. இர்ஷானா கால்களை இன்னும் இறுக்கி ஊன்றினாள்.